உழிஞை நூலும் நொச்சி நூலும்: கொழும்பு முற்றுகை வரலாறுகளைப் பரிந்துரைப்பது பற்றி

போர் வரலாற்று நூலொன்றைப் படித்து முடித்த ஒருவர் அதனை நண்பர் கையிற் கொடுத்து, "இதனைப் படியுங்கள்" என்று சொல்லும்போது, அவர் அறிந்தோ அறியாமலோ திறனாய்வாளர் ஆகிவிடுகிறார். சமையல் நூலையோ சோதிட நூலையோ கொடுப்பவர்க்கு அப்பொறுப்பு இல்லை. பயண நூலைக் கொடுப்பவர்க்கும் அது பெரிதன்று. பயணி ஒரு மலையின் உயரத்தைத் தவறாகக் கூறினும் மலைக்கு இழுக்கில்லை. போர் நூலின் நிலைமை வேறு. அதனை எழுதியவர் மதிலின் உள்ளே நின்றாரா, வெளியே நின்றாரா, அன்றிக் கடல் கடந்த ஊரொன்றில் மேசையருகே அமர்ந்திருந்தாரா என்பதைப் பொறுத்து இறந்தோர் தொகை மாறும். வீரன் யார், வஞ்சகன் யார் என்பதும் மாறும். இதனைச் சொல்லாமல் நூலை மட்டும் கொடுப்பவர் நூலோடு ஒரு பக்கச்சார்பையும் சேர்த்தே கொடுத்தவராவர்.

கொழும்புத் தமிழர் நடுவே நூல்கள் கைமாறும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. கொட்டாஞ்சேனைப் பக்கத்து விவேகானந்த சபை 1902இலும், இன்று வெள்ளவத்தையில் நிலைகொண்டுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இலும் தோன்றின; நகரின் பொது நூலகம் 1925இல் எழுந்தது. இவை ஒருபுறமிருக்க, வீட்டு அலுமாரியிலிருந்து வீட்டு அலுமாரிக்குச் செல்லும் நூல்களே மிகுதி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் சூழவுள்ள இடங்களிலும் தமிழர் வீடுகள் எரிந்தபோது அவற்றினுள் இருந்த அலுமாரிகளும் எரிந்தன. அதன் பின்னர் இந்நகரில் ஒருவர் மற்றொருவர்க்கு நூலை இரவல் கொடுப்பது வெறும் உபசாரமாக இருக்கவில்லை. அதிலும் போர் நூலென்றால், கொடுப்பவரின் கட்சி இன்னதென்று வாங்குபவர் அட்டையைக் கண்டவுடனேயே ஊகித்துக்கொள்வார். பெரும்பாலும் அவ்வூகம் பிழைப்பதில்லை. வருந்தத்தக்கது அதுவே. கட்சியை அறிவிப்பதற்கு ஒரு நூல் வேண்டியதில்லை. ஒரு சொல் போதும்.

ஆகவே போர் நூல்களைப் பரிந்துரைக்கும் முறைமையை ஆராய்வதற்கு, இன்று உயிரோடிருக்கும் எவரும் கட்சியாக இல்லாத ஒரு போரை எடுத்துக்கொள்வது நன்று. அத்தகைய போரொன்று கொழும்பு வாசகரின் காலடியிலேயே கிடக்கின்றது. 1655ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1656 மே 12இல் முடிந்த ஒல்லாந்தரின் கொழும்பு முற்றுகையே அது. இன்று கோட்டை எனவும் புறக்கோட்டை எனவும் வழங்கும் பகுதிகளே அன்று பறங்கியரின் மதில் சூழ்ந்த நகராக இருந்தன. கொட்டாஞ்சேனையும் புதுக்கடையும் அம்மதிலுக்கு வெளியே, முற்றுகையிட்டோர் பக்கத்தில் இருந்தன. புதுக்கடை நீதிமன்றம் என்று தமிழர் சொல்லும் இடத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ஹுல்ப்ட்ஸ்டோர்ப் என்பது. ஹுல்ப்டின் ஊர் என்பது அதன் பொருள். வழக்குக்காக நாள்தோறும் அங்கு செல்வோருள் எத்தனைபேர் அந்தக் கேறாட் ஹுல்ப்ட் யாரென்று அறிவர்? அவரே முற்றுகைப்படையின் தளபதி. ஆம்ஸ்டர்டாம் நகரின் செயலாளராய் ஏடும் எழுத்தாணியுமாக இருந்தவர், கீழைத்தேயம் வந்து படைநடத்தி, நகர் விழுவதற்கு ஒருமாதம் முன்னே, 1656 ஏப்ரல் 10இல், அகழ்ப்பணியிடத்தில் குண்டுபட்டு மாண்டார். நகரைப் பிடிக்காத ஒருவரின் பெயர் நகரில் நிலைத்ததும், அதனைத் தமிழர் கேளாமலே தமக்கென வேறொரு பெயர் வைத்துக்கொண்டதும் சுவையான செய்திகள்.

இம்முற்றுகைக்கு நூல்கள் பல உள. அவற்றை மதிப்பிடுவதற்குத் தமிழ் வாசகர் பிறநாட்டு அளவுகோலைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. மதிலை முற்றுவோர் ஒழுக்கத்திற்கு உழிஞை என்றும், மதிலைக் காப்போர் ஒழுக்கத்திற்கு நொச்சி என்றும் தமிழ்ப் பொருளிலக்கணம் பெயரிட்டுள்ளது. தொல்காப்பியர் உழிஞையை மருதத்தின் புறனாக வைத்து, மதில் காத்தலையும் அதனுள்ளேயே அடக்கினார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனிப் படலமாகப் பிரித்தது. இலக்கண ஆசிரியர் இருதிறத்தாரின் கொள்கைகளுள் எது சிறந்தது என்ற வாதம் இங்கு வேண்டியதில்லை. ஒரே முற்றுகைக்கு இரு பூக்கள் உள; இரண்டையும் ஒருவரே சூட இயலாது. இதனைப் பழந்தமிழர் உணர்ந்திருந்தனர் என்பதே இங்கு வேண்டுவது. கொழும்பு முற்றுகையைப் பற்றிய நூல்களுள் உழிஞை சூடியது ஒன்று. நொச்சி சூடியது மற்றொன்று.

உழிஞை நூல் பிலிப்பு பல்தேயஸ் என்னும் ஒல்லாந்த மதகுரு எழுதியது. 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான அவரது பெருநூல் மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றை விரித்துரைக்கின்றது. தமிழர்க்கு அந்நூலின்மேல் தனியுரிமை ஒன்றுண்டு: தமிழ் எழுத்துக்களைச் செதுக்கி அச்சிட்டு ஐரோப்பியர்க்குக் காட்டிய முற்கால நூல்களுள் அது ஒன்று. பல்தேயஸ் யாழ்ப்பாணத்திற் பல்லாண்டு பணிபுரிந்தவர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை முற்றப்பட்டபோது ஒல்லாந்தப் படையோடு அங்கு இருந்தவர். ஆனால் கொழும்பு முற்றுகையை அவர் தம் கண்ணாற் கண்டவரல்லர். கும்பனியாரின் கடிதங்களையும் நாட்குறிப்புக்களையும் கொண்டே அப்பகுதியை எழுதினார். இங்கேதான் பரிந்துரைப்போர் பலர் வழுவுகின்றனர். பல்தேயஸ் முற்றுகையை நேரிற் கண்டவர் என்று சொல்லிக் கொடுத்துவிடுகின்றனர். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தமட்டில் அது மெய். கொழும்பைப் பொறுத்தமட்டில் அது பொய். ஒரே நூலின் இரு பகுதிகளுக்கு இருவேறு தகுதிகள் உள்ளன.

நேரிற் காணாமையால் அப்பகுதி பயனற்றது என்பதன்று. கண்டவர்க்குக் கிட்டாத ஒழுங்கு அதில் உண்டு. எந்நாளில் எக்கப்பல் வந்தது, எப்பீரங்கி எங்கு வைக்கப்பட்டது, எவர் எவர்க்கு என்ன எழுதினர் என்பன வரிசையாக வருகின்றன. 1655 அக்டோபரில் களுத்துறை பணிந்தது. அதனை மீட்கவந்த பறங்கியர் படை பாணந்துறைப் பக்கத்தில் உடைந்தது. நவம்பர் 12இல் மதிலேறிப் பிடிக்க முயன்ற ஒல்லாந்தர் பெருஞ்சேதத்தோடு திரும்பினர். அதன்பின் வாளாற் பிடிக்க முடியாததைப் பசியாற் பிடிப்பதென்று துணிந்தனர். ஹுல்ப்ட் கண்டியரசனைக் காணச் சென்ற பவனியும், அங்கிருந்து மீண்ட சில நாட்களில் அவர் இறந்ததும் பல்தேயஸின் நடைக்கு ஏற்ற பொருள்கள். வெற்றி பெற்றோரின் ஆவணங்கள் எப்போதும் தேதி இட்டவை. தோற்றோரின் ஆவணங்களுள் பல தீயிலும் நீரிலும் போய்விடுகின்றன. அந்தத் தெளிவை உண்மை என்று மயங்குதல் போர்நூல் வாசகர்க்கு நேரும் முதல் இடர்.

நொச்சி நூல் ஜோவாவ் றிபேறோ என்னும் பறங்கிப் போர்வீரருடையது. 1640இல் இலங்கைக்கு வந்து ஏறக்குறையப் பதினெட்டாண்டு படைத்தொழில் புரிந்தவர் அவர். முற்றுகை முழுவதிலும் மதிலுக்குள்ளே இருந்தவர். நாடு திரும்பி நெடுங்காலத்தின் பின், 1685இல், தம் நூலை எழுதிப் போர்த்துக்கல் அரசனுக்குக் காணிக்கையாக்கினார். முதற் பகுதி நாட்டின் வளம், இரண்டாம் பகுதி போர்கள், மூன்றாம் பகுதி பறங்கியர் செய்த பிழைகள் என்பது அதன் அமைப்பு. படித்தோர் பலர் இரண்டாம் பகுதியோடு நூலை மூடிவிடுவர். அது நூலாசிரியர்க்குச் செய்யும் அநீதி. மூன்றாம் பகுதியிலேயே அவரது உள்ளம் உள்ளது. இந்தியாவெங்கும் சிதறிக்கிடந்த கோட்டைகளைக் கைவிட்டு இலங்கை ஒன்றையே பற்றியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். உதவிப்படையை எதிர்நோக்கிப் பசித்திருந்தவரின் கசப்பு அந்த வாதத்தின் அடியில் ஓடுகின்றது. பகைவனைவிடத் தன்னவரையே மிகுதியாகக் குற்றஞ்சாட்டும் நொச்சி நூல் அது. கோவையிலிருந்து உதவி வரவில்லை. வந்திருந்தால் நகர் நின்றிருக்கும் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கை சரியா என்பது வேறு வினா.

இந்நூலில் வாசகர் எவரும் மறவாத இடம் ஒன்றுண்டு. மே 7இல் சான் ஜோவாவ் என்னும் கொத்தளம் ஒல்லாந்தர் வசமாயிற்று. ஐந்து நாட்களின் பின் தலைமைத் தளபதி அந்தோனியோ த சோசா கூத்தீனோ நகரை ஒப்படைத்தார். அன்று வெளியேறிய பறங்கிப் போர்வீரர் எழுபத்துமூவர் எனவும், அவர்களுட் கையொடிந்தோரும் காலிழந்தோரும் இருந்தனர் எனவும், எல்லாரும் பிணம்போலத் தோன்றினர் எனவும் றிபேறோ கூறுகின்றார். இவ்விடத்தைப் படித்தபின் நண்பர்க்குக் கொடுக்காமல் இருக்க எவர்க்கும் மனம் வராது. போர் நூல்கள் பெரும்பாலும் இத்தகைய ஓரிடத்தினாலேயே கைமாறுகின்றன. எனினும் அவ்வெண்ணை ஏற்பதற்குமுன் அது எவரின் தொகை என்று கேட்டல் வேண்டும். மதிலுக்குள் பறங்கிப் போர்வீரர் மட்டுமா இருந்தனர்? இலஸ்கரின் எனப்பட்ட உள்நாட்டுப் படையினர், ஆபிரிக்க அடிமைகள், சிங்களவர், தமிழர், பெண்டிர், பிள்ளைகள் இருந்தனர். உணவு குறைந்தபோது முதலில் மதிலுக்கு வெளியே தள்ளப்பட்டோர் இவர்களே. பசியால் நகர் விரைந்து விழட்டும் என்று முற்றுகைப்படை இவர்களை மீண்டும் உள்ளே துரத்தியது. எழுபத்துமூவருள் இவர்கள் எண்ணப்படவில்லை. இருபுறத்து நூல்களும் இச்செய்தியைச் சொல்லாமல் விட்டன என்பதற்கில்லை. சொல்லிவிட்டு விரைந்து கடந்துபோகின்றன.

றிபேறோவைப் பரிந்துரைப்போர் எப்பதிப்பு என்பதையும் சொல்ல வேண்டும். போர்த்துக்கேய மூலம் நெடுங்காலம் கையெழுத்தாகவே கிடந்து 1836இல்தான் லிஸ்பனில் அச்சேறியது. அதற்கு முன்பே 1701இல் அபே லெ கிராண்ட் என்பவர் பிரெஞ்சு மொழியில் ஒரு மொழிபெயர்ப்பை வெளியிட்டார்; மூலத்தைச் சில இடங்களிற் சுருக்கியும் சில இடங்களிற் பிறவற்றைச் சேர்த்தும் அமைந்த நூல் அது. இலங்கையின் தபால் மாஅதிபராயிருந்த ஜோர்ஜ் லீ 1847இல் ஆங்கிலத்தில் தந்தது அப்பிரெஞ்சு நூலின் பெயர்ப்பு. எனவே அது நிழலின் நிழல். மூலத்திலிருந்து நேரே பெயர்த்தவர் போல் ஈ. பீரிஸ், ஆண்டு 1909. லீயின் நூலைப் படித்துவிட்டு "றிபேறோ இப்படிச் சொன்னார்" என்று வாதாடுவோர் உளர். அவர்கள் லெ கிராண்டோடு வாதாடுகின்றனர்.

பீரிஸ் செய்த பணி மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. றிபேறோவின் நூலை வெளியிட்டபோது அதே கட்டடத்தினுள் பழைய போர்த்துக்கேய வரலாற்றாசிரியரின் சுருக்கங்களையும், சிங்களத்துப் போர்ப் பாடல்களான பறங்கி ஹட்டன, கொஸ்தந்தீனு ஹட்டன ஆகியவற்றின் பெயர்ப்புக்களையும் சேர்த்தார். ஹட்டன என்பது தமிழ்ப் பரணிக்கு ஒருவகையில் உறவுடைய போரிலக்கியம். பறங்கி ஹட்டன கண்டியரசனின் வெற்றியைப் பாடுவது. கொஸ்தந்தீனு ஹட்டனவோ சிங்கள மொழியிலேயே பறங்கித் தளபதியின் புகழைப் பாடுவது! மொழி ஒன்றாயிருப்பின் கட்சியும் ஒன்றாயிருக்கும் என்று எண்ணும் வாசகர் இவ்விரண்டையும் ஒருசேரப் படித்தால் அவ்வெண்ணத்தைத் திருத்திக்கொள்வர். நீதிபதியாகவும் இருந்தவர் பீரிஸ். எதிர்வாதியைக் கேளாமல் தீர்ப்பெழுதும் வழக்கம் அவர்க்கு இல்லாமற் போனது வியப்பன்று. பரிந்துரை என்பதன் மிகச் சிறந்த வடிவம் இதுவே எனலாம். ஒரு நூலை நீட்டும்போதே அதன் மறுப்பையும் சேர்த்துக் கட்டி நீட்டியவர் அவர். அவருடைய முன்னுரைகளிற் சில இடங்களில் நாட்டுப்பற்று நடுநிலையை விஞ்சுகின்றது என்பது மெய். ஆயினும் விஞ்சிய இடத்தை வாசகர் கண்டறிவதற்கு வேண்டிய சான்றையும் அவரே அதே நூலில் வைத்துள்ளார்.

மூன்றாவது நூல் பெர்னாவ் த கேறோஸ் என்னும் இயேசு சபைத் துறவி எழுதியது. அளவில் மிகப் பெரியது. அவர் கோவையில் இருந்து எழுதியவர். இலங்கையை ஒருபோதும் கண்டவரல்லர். 1688இல் அவர் மறைந்தபோது நூல் கையெழுத்தாக இருந்தது. அது எவ்வாறோ கடல் கடந்து பிரேசில் நாட்டு ரியோ த ஜனேய்ரோவைச் சேர்ந்தது. படியெடுக்கப்பட்டுக் கொழும்புக்கு வந்து 1916இல் மூலமாகவும், 1930இல் எஸ். ஜி. பெரேரா அடிகளாரின் ஆங்கிலப் பெயர்ப்பாக மூன்று பாகங்களிலும் அச்சாயிற்று. இழந்த தீவை மீட்கும்படி தம்மவரைத் தூண்டுவது கேறோஸின் நோக்கம். ஆகவே அவர் சூடியது உழிஞையுமன்று, நொச்சியுமன்று. இனி எழவேண்டிய படையெழுச்சிக்கு வஞ்சிப்பூ. பிற இடங்களிற் கிட்டாத செய்திகள் அதில் நிறைய உள. படிப்போர் பெரும்பாலும் பெயரகராதியைப் புரட்டித் தம் ஊர்ப்பெயர் வரும் பக்கங்களை மட்டும் படிப்பர். அதனாற் குற்றமில்லை, அந்நூலை முழுதும் படிக்கும்படி எவரையும் வற்புறுத்துவது நட்புக்கு உகந்ததன்று.

இவ்வளவும் இரு வெள்ளையர் சாதிகளின் நூல்கள். போர்க்களத்தில் மூன்றாம் தரப்பொன்று இருந்தது. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்திருந்தான். பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பது அரசன் விரும்பினால் மட்டுமே என்ற தொடர் அரசனிடமிருந்த படியில் இருந்தது. ஒல்லாந்தப் படியில் அது இல்லை. ஒரு தொடரின் இன்மையால் ஒரு நகர் கைமாறிற்று. மே 12இன் பின்னர் கொழும்பின் வாயில்கள் அரசனுடைய ஆட்களுக்கு அடைக்கப்பட்டன. அவன் வெகுண்டு, நகருக்கு உணவு செல்லும் வழிகளை அடைத்து, சுற்றுப்புறத்தைப் பாழாக்கிவிட்டு மலைநாடு சென்றான். இராசசிங்கன் ஒல்லாந்தர்க்கு எழுதிய கடிதங்களுட் கிடைத்தவற்றைத் தொனால்ட் பேர்கசன் பெயர்த்து 1904இல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வெளியிட்டார். அக்கடிதங்களில் ஏமாற்றப்பட்ட ஒருவனின் குரல் கேட்கின்றது. அதனோடு பெருமிதமும் வசையும் கலந்துள்ளன. பல்தேயஸைக் கொடுத்து இக்கடிதங்களைக் கொடாமல் விடுவது, உடன்படிக்கையின் ஒரு படியை மட்டும் காட்டுவதை ஒக்கும்.

உழிஞைக்கும் நொச்சிக்கும் அப்பால் நின்ற ஒருவரைத் தமிழ் இலக்கியம் அறியும். புறநானூற்றுக் கோவூர்கிழார் அவர். சோழன் நலங்கிள்ளி ஆவூரை முற்றியபோது நெடுங்கிள்ளி வாயிலை அடைத்து உள்ளே இருந்தான். புலவர் அவனை நோக்கி, கவளம் பெறாத யானைகளையும், பாலின்றி அழும் குழவிகளையும், பூவின்றி முடிந்த மகளிர் கூந்தலையும், நீரின்றி வருந்தும் வீடுகளையும் காட்டி, அறம் உடையையாயின் திற, மறம் உடையையாயின் திறந்து பொரு என்ற கருத்துப்படப் பாடினார். உறையூர் முற்றுகையின்போது இருவரும் சூடியது ஒரே குடியின் ஆத்திமாலையே என்றும், எவர் தோற்பினும் தோற்பது அக்குடியே என்றும் இருவரையும் இடித்துரைத்தார். அவர் பாட்டில் மதிலின் உயரம் பேசப்படவில்லை; மதிலுக்குள் பால் இல்லை என்பதே பேசப்பட்டது. கொழும்பு முற்றுகை பற்றிய நூல்களில் இக்குரல் இல்லை. வெளியே தள்ளப்பட்டு உள்ளே துரத்தப்பட்டோருக்காகப் பேச அங்கு ஒரு கோவூர்கிழார் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அவர் சொல் எந்த மொழியிலும் எழுதப்பெற்று எஞ்சவில்லை.

இதனைச் சொல்வது பழந்தமிழ்ப் போரிலக்கியம் முழுவதும் நடுநிலையுடையது என்று நாட்டுவதற்கன்று. கலிங்கத்துப்பரணியை நோக்குக. தோற்றவர் பெயராற் பரணிக்குப் பெயரிடும் மரபு அழகியது. ஆனால் கலிங்கர் பெயரைத் தாங்கிய அந்நூலிற் கலிங்கர் பேசுவது அஞ்சியோடும் வேளையிலேதான். சயங்கொண்டார் கவிச்சக்கரவர்த்தி, வரலாற்றுக்கு அவர் ஒரு பக்கச் சாட்சி. மறுதலையாக, வென்றோர் பக்கத்து நூலாகிய மகாவமிசம் துட்டகைமுனு எல்லாளனுக்குச் சின்னம் எடுப்பித்து வழிபாடு செய்ததையும், அவ்விடத்தைக் கடக்கும் அரசர் வாத்திய முழக்கத்தை நிறுத்தியதையும் பதிவு செய்துள்ளது. அந்நூலைக் கொடுப்போர் அவ்விடத்தைச் சுட்டிக்காட்டுதல் நன்று. அதனை மறைப்போர் அந்நூலுக்கும் வாசகர்க்கும் ஒருசேரத் தீங்கு செய்வர்.

முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட முற்றுகையில் இம்முறைமையைக் கற்றல் எளிது. 1983 தொடங்கி 2009 வரை நடந்த போரின் நூல்களுக்கு அதனைப் பயன்படுத்துவது எளிதன்று. ஆயினும் தேவை அங்கேதான். 2009இல் வன்னியில் 53ஆம் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய கமல் குணரத்ன நந்திக்கடலுக்கான பாதை பற்றிய தம் நூலை 2016இல் வெளியிட்டார். அதே ஆண்டிலேயே, விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியற் பிரிவின் பொறுப்பாளராயிருந்த தமிழினியின் "ஒரு கூர்வாளின் நிழலில்" வெளிவந்தது. முன்னது உழிஞை நூல்: பட்டியலும் தேதியும் பெயரும் உடையது, வென்றவரின் உறுதியோடு நடப்பது. பின்னது நொச்சிப் பக்கத்திலிருந்து பிறந்தும் தன் பக்கத்தையே வினவுவது. இவ்வகையில் றிபேறோவின் மூன்றாம் பகுதிக்கு உறவுடையது. ஆசிரியர் 2015இல் மறைந்தபின் அச்சேறிய நூலாதலால், எழுத்தில் எவ்வளவு அவருடையது என்ற ஐயத்தைச் சிலர் எழுப்பினர். கொடுப்பவர் அவ்வையத்தையும் மறையாது சொல்லல் வேண்டும். ஐயம் உள்ள நூல் படிக்கத்தகாத நூல் ஆகிவிடாது. இவற்றுள் ஒன்றை மட்டும் தன் அலுமாரியில் வைத்திருப்பவர் எதனை வைத்திருப்பினும் போரின் பாதியையே வைத்திருக்கின்றார். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் முன்னதைக் கண்டவுடன் முகஞ்சுளிப்போரும், வேறொரு வீட்டிற் பின்னதைக் கண்டவுடன் முகஞ்சுளிப்போரும் இரண்டையும் படியாதவராகவே இருப்பது வழக்கம்.

கோவூர்கிழார் நின்ற இடத்தில் நின்ற நூலும் இக்காலத்தில் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நால்வர் எழுதிய "முறிந்த பனை" 1990இல் நூலாக வெளிவந்தது. இயக்கங்களையும் அரசையும் இந்தியப் படையையும் ஒரே அளவுகோலால் அளந்து, இடையில் அகப்பட்ட குடிமக்கள் பட்டதைக் கணக்கெடுக்க முயன்ற நூல் அது. அதன் ஆசிரியருள் ஒருவரான மருத்துவர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த புலவன் இளந்தத்தனை ஒற்றன் என்று நெடுங்கிள்ளி கொல்லப்புக்கபோது கோவூர்கிழார் பாடி அவனை உய்வித்தார் என்று புறநானூறு கூறும். அந்நூலைப் பரிந்துரைப்போர் இந்த இரு செய்திகளையும் அருகருகே வைத்துச் சொல்வாராயின் வேறு முன்னுரை வேண்டியதில்லை. நூலின் முடிவுகள் அனைத்தையும் ஏற்கவேண்டும் என்பதில்லை. அதன் சில தீர்ப்புக்கள் அவசரமானவை என்போரும் உளர். அவர்கள் படித்துவிட்டுச் சொல்லும்போது அது மறுப்பு. படியாமற் சொல்லும்போது அது முகஞ்சுளிப்பு.

மீண்டும் கொழும்பு முற்றுகைக்கு. முதன்முறை படிக்கப் புகும் மாணவர்க்கு எதனை முதலிற் கொடுப்பது என்ற வினா எஞ்சியுள்ளது. பீரிஸ் பெயர்த்த றிபேறோவே முதலில் வருவது தக்கது. அளவிற் சிறியது, மனிதக் குரல் உடையது, உடன் கட்டப்பட்ட ஹட்டனப் பாடல்களும் கிடைக்கும். அதன்பின் பல்தேயஸ். அவரது பெருநூல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் வந்ததாயினும், இலங்கை பற்றிய பகுதியைப் பீற்றர் புரோகியர் ஒல்லாந்த மொழியிலிருந்து புதிதாகப் பெயர்த்ததே கொடுக்கத்தக்கது. இது 1958–59க்குரிய இலங்கை வரலாற்றுச் சஞ்சிகையின் எட்டாம் தொகுதியாக வந்தமையால், நூலகங்களிற் பெரும்பாலும் நூல்களோடு இராமற் சஞ்சிகைகளோடு அடுக்கப்பட்டிருக்கும். நூற்பட்டியலில் இல்லையென்று திரும்புவோர் சஞ்சிகை அடுக்கையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். மூன்றாவதாக இராசசிங்கனின் கடிதங்கள். அவையும் ஒரு சஞ்சிகையுள்ளேயே கிடப்பன. கேறோஸ் இறுதியில், அகராதி பார்ப்பதுபோல. றிபேறோவையும் பல்தேயஸையும் ஒருவரே ஒருசேர இரவல் பெறுவாராயின், 1655 நவம்பர் 12ஆம் நாளைக் கூறும் பக்கங்களை இரண்டிலும் விரித்து அருகருகே வைத்துத் தொடங்கலாம். அன்று ஒரு பக்கத்தார் வென்றனர், மறுபக்கத்தார் தோற்றனர், ஆறு மாதத்தின் பின் நிலைமை தலைகீழாயிற்று. வெற்றியை எழுதும்போது ஒவ்வொருவர் நடையும் எவ்வாறு உள்ளது, தோல்வியை எழுதும்போது எவ்வாறு மாறுகின்றது என்பதை அந்த இரு நாட்களையும் ஒப்புநோக்கி ஒரு மாலைப்பொழுதில் அறியலாம்.